மஞ்சள் படாத குழாய்

மஞ்சள் கறை லேசில் போகாது என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தினால் அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். சோப்பு போட்டால் சிவந்து முறைக்குமே தவிர இடத்தைக் காலி செய்யாது. நல்ல வெயிலில் காயப்போட்டால் மட்டும் சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும். அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை, மருந்துகளை ரத்தத்தில் அளந்து பார்க்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும்வரை.

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் பொருளுக்குக் குர்குமின் என்று பெயர். அதில் துளியூண்டு எடுத்து, ரத்தத்தின் தன்மைக்குச் சரிசெய்த உப்புத் தண்ணீரில் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து அளந்தால் பாதிக்குமேல் இல்லை. யாரும் தொடவில்லை, கொட்டவில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே அது உடைந்து வேறு எதுவோ ஆகிவிட்டிருந்தது. துணியில் ஒட்டினால் ஆயுசுக்கும் போகாத பொருள், உடம்பின் சூட்டில் ஒரு டீ நேரம் தாங்கவில்லை. அன்று எனக்கு வந்தது எரிச்சல்தான். வியப்பு மறுநாள் வந்தது.

மறுநாள் அதே பொருளை உப்புத் தண்ணீரில் கலக்காமல் பிளாஸ்மாவில் கலந்தேன். ரத்தத்தைக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிவாக, இளமஞ்சளாக ஒன்று நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அந்த இளமஞ்சளுக்கும் நம் சமையல் மஞ்சளுக்கும் சம்பந்தமில்லை. அதில் கலந்து, அதே சூட்டில் வைத்து, அதே டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பெரும்பங்கு அப்படியே இருந்தது. ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம், இடுப்பில் முடிந்துகொண்ட சில்லறை மாதிரி. புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. நமக்குத் தெரியாமல் நம் ரத்தம் எதையெல்லாம் விழாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீடு திருத்தணியில். ஆய்வகம் சென்னைக்குப் போகும் வழியில் ஒரு தொழிற்பேட்டையில். என் அப்பா, எங்களுக்கு நைனா, இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். நிலம் மட்டும் திருவாலங்காட்டுப் பக்கம் அப்படியே இருக்கிறது. வாரத்தில் இரண்டு தடவையாவது பஸ் ஏறிப் போய்க் கரும்பைப் பார்த்துவிட்டு வராவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. குத்தகைக்கு விடச் சொன்னால், கரும்பைக் குத்தகைக்கு விடுவதற்கு முன் என்னை விட்டுவிடு என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு முட்டி போனது. முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி எங்களுக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் கறுப்பாக வாந்தி எடுத்தாள். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றி அனுப்பும்போது, இனி வலி மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவள் கட்டிலைவிட்டு இறங்குவதே பெரிய காரியமாகிவிட்டது. கரும்பு வெட்டுக்கு வந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அதைவிடச் சோகமான காட்சியை நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சித்த வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். மஞ்சளும் மிளகும் சேர்த்து அவர் கொடுத்த மாத்திரை அம்மாவுக்குக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள், பஸ் ஏறினாள், வரப்பில் நின்று நேரிலேயே சண்டை போட்டாள். டாக்டரம்மா விவரமானவர். கேட்கிறது என்று நோயாளி சொன்னால் மட்டும் போதாது, அது ரத்தத்துக்குள் போகிறதா என்று தெரிய வேண்டும் என்று எங்கள் ஆய்வகத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வுக்கு அனுமதி வாங்கினார். அவரிடம் முட்டிவலிக்கு வரும் பெண்கள் சிலர் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தார்கள். அம்மாவும் ஒருத்தி. ரத்தத்தில் அந்தப் பொருள் தென்படவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவேன், இல்லாத மருந்தைக் கொடுத்து ஏமாற்ற மாட்டேன் என்று டாக்டரம்மா முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அம்மா அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். கூடவே, உன் மெஷின் ஒழுங்காகப் பார்க்குமா என்றும் கேட்டாள்.

குழாய்களின்மேல் பெயர் இருக்காது, வெறும் எண்தான். எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. அம்மா இருக்கிறாள் என்று எங்கள் பிரிவுத் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். எண் தெரியாதவரை பரவாயில்லை என்றார்.

அடுத்தது பத்தியம். ரத்தம் கொடுப்பதற்கு முன் சில நாள் அந்த மாத்திரையும் கூடாது, சாப்பாட்டில் மஞ்சளும் கூடாது. திருத்தணியில் ஒரு வீட்டுச் சமையலிலிருந்து மஞ்சளை எடுப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மிளகாய்த்தூளில் மஞ்சள் அரைத்திருக்கும். சாம்பார்ப் பொடியில் இருக்கும். பருப்பு வேகும்போது கை தானாக டப்பாவுக்குப் போகும். அம்மா வைத்த ரசம் வெளிறிப்போய்க் காய்ச்சல்காரன் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது எந்த ஊர் ரசம் என்று கேட்டார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ரத்தம் எடுத்த நாள் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் எங்கே திரும்பினாலும் மஞ்சள் வேட்டி, காவடி, அரோகரா. பெண்கள் விடியலிலேயே குளித்துவிட்டு, பளிச்சென்று புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார்கள். ஊசிக்கு வருகிற கூட்டம் போலவே இல்லை, மலைக்கு வேண்டுதலுக்குப் போகிற கூட்டம் போல இருந்தது. ரத்தம் கொடுப்பது சாதாரண விஷயமில்லை என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். நான் ஐஸ் பெட்டியோடு ஒதுங்கி அடுத்த அறையில் இருந்தேன். அரக்கோணத்திலிருந்து வரும் சிஸ்டர்தான் ரத்தம் எடுத்தார். மாத்திரை கொடுக்கும் முன் ஒருமுறை, கொடுத்த பிறகு விட்டு விட்டுப் பலமுறை. எடுத்ததும் நான் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, அந்தப் பொருள் உடையாமலிருக்க ஒரு சொட்டு அமிலம் சேர்த்து, வெளிச்சம் படாத பழுப்புக் குழாயில் அடைத்து ஐஸில் புதைத்தேன். வெளிச்சம் அதற்கு ஆகாது. கறைத் துணியை வெயில் வெளுக்க வைப்பதும் அதனால்தான்.

மாலை ரயிலில் நின்ற கூட்டத்தில், அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார இடம் கிடைத்ததே பெரிது. மாலை போட்டிருந்த ஒருவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார். கிருத்திகை சமயத்தில் கறி கொண்டுபோகிறாள் என்று நினைத்துவிட்டார் போல. மருந்து சார் என்றேன். அப்போதும் முகம் தெளியவில்லை. ரத்தம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஏரி நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு, கரையில் ஒரு கை அள்ளிக் கொடுத்தால், இதில் உப்பு இருக்கிறது என்று சொல்கிற ஜாதி அது. தேடுகிற பொருள் இருந்தால் திரையில் கோடு ஓரிடத்தில் மேடாக எழும்பும். இல்லையென்றால் தட்டையாகப் போகும். மாத்திரை கொடுக்கும் முன் எடுத்த ரத்தத்தில் கோடு தட்டையாகப் போக வேண்டும். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

தட்டையாகப் போகவில்லை. முதல் குழாயில் மேடு. இரண்டாவதில் மேடு. அடுத்ததில் இன்னும் பெரிய மேடு. மருந்தே கொடுக்காத ரத்தத்தில் மருந்து. ஒரே ஒரு குழாயில் மட்டும் கோடு துடைத்துவிட்ட மாதிரி தட்டையாகக் கிடந்தது.

பிரிவுத் தலைவர் திரையைப் பார்த்தார். யாரும் பத்தியம் இருக்கவில்லை, பொய் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தர் மட்டும்தான் நாணயமானவர் என்றார். ஒருத்தரை வைத்து ஆய்வு நடத்த முடியாது, நிறுத்திவிடலாம், டாக்டரம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்களைப் பொய்க்காரிகள் என்றதில் பாதிக் கோபம். மீதிப் பாதி பயம். நிறுத்தினால் அம்மாவுக்கு மாத்திரை இல்லை. மறுபடி கட்டில், ஜன்னல், போன்.

தப்பு இங்கேயும் இருக்கலாம் சார், என்மேலேயே இருக்கலாம், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்றேன். சும்மா சொல்லவில்லை. கழுத்தில் மஞ்சள் சரடு போட்டிருப்பவள் நான். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் வைப்பவள். கையுறை போட்டிருந்தாலும், ஏரியில் சிட்டிகை உப்பைக் கண்டுபிடிக்கிற மெஷினிடம் எதை நம்புவது? அன்று மாலையே சரடைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, தாலியைச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் இல்லை. கொஞ்ச நாள்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா மறுநாள் காலையிலேயே பார்த்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"இன்னாடி இது? நீ ஏன் என்னிய மாதிரி நின்னுகினு இருக்கற?"

வேலைக்காகம்மா, மஞ்சள் அங்கே ஒட்டிக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் நான் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு நைனாவின் காரியம் ஞாபகம் வந்தது. கடைசியாக ஒருமுறை என்று அம்மாவுக்கு முகம் நிறைய மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூ வைத்து, எல்லோரும் பார்த்துவிட்டு, பிறகு தலையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அப்போது நான் கத்தினேன். அத்தைமார்கள் என்னை வெளியே இழுத்துப் போனார்கள். பிறகு எத்தனையோ தடவை, நீ பூசிக்கோம்மா, யார் கேட்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊருக்கு முன்னால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும் என்று முடித்துவிடுவாள். இத்தனைக்கும் மஞ்சள் கிழங்கை உரசிப் பூசுவதில் அவளுக்கு இருந்த ஆசை எனக்கு எந்த நகைமேலும் இருந்ததில்லை.

ஆய்வகத்தில் வெறும் தண்ணீரை எடுத்து, ரத்தத்துக்குச் செய்வதையெல்லாம் அதே கையால், அதே குழாய்களில் செய்து மெஷினில் வைத்தேன். கோடு தட்டை. அப்படியானால் நானில்லை, குழாயில்லை, அறையில்லை. மிச்சமிருந்த முதல் ரத்தத்தை எல்லாம் மறுபடி வைத்தேன். அதே மேடுகள். அதே ஒரு தட்டைக் கோடு. மஞ்சள் திருத்தணியிலேயே உள்ளே நுழைந்திருக்கிறது.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். அன்று என்ன செய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். ரப்பர் கட்டினேன், நரம்பைத் தடவிப் பார்த்தேன், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், ஊசி போட்டேன் என்றார். அதிலே ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்.

"வித்தியாசம்னு ஒண்ணும் இல்லீங்க மேடம். பஞ்சுதான் எல்லாருக்கும் மஞ்சளா வந்துச்சு. ஆடி வெள்ளி இல்லீங்களா, கை முழுக்கப் பூசிக் குளிச்சிட்டு வந்திருந்தாங்க."

சாப்பிடக் கூடாது என்றுதான் சொன்னோம். பூசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரத்தம் கொடுப்பது நல்ல காரியம் என்று, மலைக்குப் போவதுபோல் மஞ்சள் தேய்த்துக் குளித்து வந்திருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். பஞ்சு அதைத் தோலிலிருந்து எழுப்பிவிட, அது சிஸ்டரின் விரலுக்கும் ஊசிக்கும் குழாயின் மூடிக்கும் போயிருக்கிறது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எங்களுக்குக் காட்டிய மரியாதைதான் மேடு மேடாகத் திரையில் எழுந்து நின்றிருக்கிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எல்லாருக்குமே பஞ்சு மஞ்சளாகவா வந்தது என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு மட்டும் வெள்ளையாவே இருந்துச்சு மேடம்" என்றார். யாரென்று நான் கேட்கவில்லை. அன்று அந்த அறையில் பூ வைக்காமல், பொட்டு வைக்காமல் உட்கார்ந்திருந்தது ஒருத்திதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டுத் திரையின் முன் போய் உட்கார்ந்தேன். அந்தத் தட்டைக் கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண் மட்டும் எழுதிய ஒரு குழாய். அதிலிருந்து ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டிலிருந்து இந்த மெஷின், இவள் உடம்பில் மஞ்சள் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதற்கு அவள் யாரென்று தெரியாது, நைனாவைத் தெரியாது, தலையில் தண்ணீர் ஊற்றியவர்களைத் தெரியாது. எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு அதே எண்ணின் அடுத்த குழாய்களைத் திறந்தேன். மாத்திரை விழுங்கிய பிறகு எடுத்தவை. மற்றவர்களுடையதில் எது பூசியது எது விழுங்கியது என்று பிரிக்க முடியாது. இவளுடையதில் பிரிக்கவே வேண்டியதில்லை. முதலில் தட்டை. அடுத்ததில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு சின்னப் புடைப்பு. அதற்கடுத்ததில் சந்தேகமில்லாத மேடு. பிறகு மெல்ல இறக்கம். வயிற்றில் கரைந்து, குடலைத் தாண்டி, கல்லீரல் பிடித்து உருமாற்றியது போக, உடையாமல் தப்பித்து, அந்தப் புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, என் அம்மாவின் ரத்தத்தில் கொஞ்சமே கொஞ்சம் ஓடியிருக்கிறது. மிகச் சொற்பம்தான். ஆனால் இருந்தது. ஒரு டீ நேரம் தாங்காத பொருள் அத்தனை தூரம் வந்திருந்தது. எத்தனையோ மருந்துகளை அளந்திருக்கிறேன், ஒரு மேட்டைப் பார்த்துக் கண் கலங்கியது அதுதான் முதல்முறை.

பிரிவுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண் எனக்குத் தெரிந்துவிட்டதால் அந்தக் குழாய்களை இனி நான் தொடக் கூடாது என்றும் சொன்னேன். இன்னொருவரை வைத்து முதலிலிருந்து அளக்கச் சொன்னார். அதே தட்டை, அதே மேடு. பொய் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது என்றார். ஆய்வு நிற்கவில்லை. பெண்கள் முகம் சுளிக்காமல் மறுபடி வந்து ரத்தம் கொடுத்தார்கள். முகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், கையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பஞ்சு வெள்ளையாக வரும்வரை சிஸ்டர் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த முறை எல்லாருடைய முதல் கோடும் தட்டையாகப் போனது, பிறகு ஒவ்வொன்றாக எழும்பியது. மாத்திரை நிற்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, நிலத்திலிருந்து கொண்டுவந்த கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். என் கழுத்தில் சரடு திரும்ப வந்திருப்பதை முதலில் பார்த்துக்கொண்டாள்.

"உன் மெஷின் இன்னா சொல்லுது? என் ரத்தத்துல மருந்து வந்துச்சா?"

"வந்துச்சும்மா. எல்லாருக்கும் வந்துச்சு. உன் ரத்தத்துலதான் மொதல்ல தெரிஞ்சுது."

தன் ரத்தத்தில் மட்டும் எப்படி முதலில் தெரிந்தது என்று கேட்டாள். பூசிக் குளித்து வந்தவர்களின் கதையைச் சொன்னேன். பஞ்சு மஞ்சளானதைச் சொன்னேன். வெள்ளைப் பஞ்சு யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவள் கரும்பை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஏன் சொன்னோம் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் துக்கம் இல்லை. வரப்பில் நின்று சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வரும்போது இருக்கிற முகம் அது.

"ஆங். வெளியிலதான் பூசிக்கக் கூடாதுன்னாங்க. உள்ள போறத யாரு பாத்தா?"

"நான் பாத்தேம்மா" என்றேன்.